கண்ணாடி போய்த் தகரம் வந்த கதை

(நமது சங்கத்தின் ஒன்றுகூடல் விழாவில் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னால் பேசியவர்களில் டாக்டர் இருக்கிறார், துறைமுகத்தில் பெரிய பதவி வகித்தவர் இருக்கிறார். நான் புதுக்கோட்டையில் வண்டிகளுக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தவன். புதுக்கோட்டை என்றதும் வெளியூர் நண்பர்கள் திருச்சிப் பக்கம் போய்விட வேண்டாம். தூத்துக்குடியிலிருந்து பாளையங்கோட்டை ரோட்டில், வாகைக்குளம் விமான நிலையத்துக்கு முன்னால் வருமே, அந்தப் புதுக்கோட்டை. "உனக்குத் தெரிஞ்சதைப் பேசும் வே" என்று செயலாளர் சொல்லிவிட்டார். எனக்குத் தெரிந்தது தகரம். ஆகவே தகரத்தைப் பற்றியே பேசுகிறேன்.

ஸ்டேஷன் வேகன் என்று ஒரு வண்டி உண்டு. எஸ்டேட் கார் என்றும் சொல்வோம். காரின் கூரையைப் பின்னால் டிக்கி வரை நீட்டி, பின்பக்கம் ஒரு கதவு வைத்து, இரண்டு பக்கமும் நீளக் கண்ணாடி போட்டால் அது எஸ்டேட். அந்தப் பக்கக் கண்ணாடிகளை எடுத்துவிட்டுத் தகரத்தால் மூடினால் அதுவே டெலிவரி வேன். நம் நாட்டில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் அம்பாசடரில் ஒரு எஸ்டேட் வந்தது. ஆம்புலன்ஸாகக்கூட அது ஓடியது. சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1961 முதல் ஹெரால்டு கார் செய்தது. அதன் எஸ்டேட்டுக்குக் கம்பேனியன் என்று பெயர். ஹெரால்டின் தாய்வீடான இங்கிலாந்தில், அதே எஸ்டேட்டின் பக்கக் கண்ணாடிகளுக்குப் பதில் தகரம் வைத்து, ட்ரையம்ப் கூரியர் என்ற பெயரில் 1962 முதல் 1966 வரை கம்பெனியே வேனாக விற்றது. அங்கே கம்பெனி செய்ததை இங்கே நாங்கள் பட்டறையில் செய்தோம். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஏன் செய்தோம்? ஒரு ரொட்டிக் கடைக்காரருக்கு லாரி பெரிசு, சைக்கிள் சிறிசு. இடையில் ஒரு வண்டி வேண்டும். மாருதி வேன் 1984இல்தான் வந்தது. டாட்டா ஏஸ் வந்தது 2005இல். புது வேன் வாங்கக் கையில் பணம் இல்லாத வியாபாரி, யாரோ கழித்துவிட்ட எஸ்டேட்டை மலிவாக வாங்கிக்கொண்டு பட்டறைக்கு வருவார். "அண்ணாச்சி, இதுல ரொட்டியும் மக்ரூனும் ஏத்துற மாதிரி பண்ணித் தந்திரணும்" என்பார். தொண்ணூறுகளில் நானும் சில வண்டிகளை அப்படி மாற்றிக் கொடுத்திருக்கிறேன். அன்றைக்கு ஆர்.டி.ஓ. ஆபீசில் எழுதிக் கொடுத்து, அனுமதி வாங்கி, பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து, ஆர்.சி. புக்கில் திருத்தம் போட்டால் வேலை முடிந்தது.

இப்போது தொழில் விஷயத்துக்கு வருகிறேன். கண்ணாடியை எடுத்துத் தகரம் வைப்பது சுலபம் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். முதலில் வண்டியின் எலும்பு எது என்று பார்க்க வேண்டும். ஹெரால்டுக்குக் கீழே தனிச் சேஸிஸ் உண்டு. பாடி அதன்மேல் போல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும். அம்பாசடருக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது. தரைத் தகடு, தூண்கள், கூரை எல்லாம் சேர்ந்துதான் எலும்புக்கூடு. ரப்பர் பீடிங்கில் நிற்கும் கண்ணாடி பாரம் தாங்குவதில்லை. அதை எடுத்தால் வண்டிக்கு நஷ்டமில்லை. ஆனால் "கதவு இன்னும் கொஞ்சம் அகலமா இருக்கட்டும்" என்று ஒரு தூணை வெட்டினோமோ, நாளாவட்டத்தில் கதவு சேராது, கூரையில் கீறல் விழும். கண்ணாடியில் கைவைக்கலாம், தூணில் கைவைக்கக் கூடாது. என்னிடம் வேலை பழகிய பையன்களுக்கு நான் சொன்ன முதல் பாடம் இதுதான்.

அடுத்தது தகரம் வைக்கும் முறை. 20 கேஜ் தகரத்தை வெட்டி, சுற்றிலும் கேஸ் வெல்டிங் வைப்பது ஒரு முறை. ஒரே மூச்சில் வெல்டிங் ஓட்டினால் சூட்டில் தகரம் அப்பளம் மாதிரி நெளிந்துவிடும். இங்கே ஒரு பொட்டு, எதிர்ப்பக்கம் ஒரு பொட்டு என்று மாற்றி மாற்றி வைத்து, ஈரத்துணியால் ஆற்றி, மெதுவாகத்தான் போக வேண்டும். தட்டையான பெரிய தகரம் வண்டி ஓடும்போது டப்பா மாதிரி அடிக்கும். அதனால் முன்கூட்டியே அதில் இரண்டு மூன்று வரி அமுக்கி வைப்போம். வரி விழுந்த தகரம் விறைப்பாக நிற்கும்.

இன்னொரு முறை எனக்குப் பிடித்தது. கண்ணாடியின் அதே கனத்தில் பிளைவுட் பலகை வெட்டி, வெளிப்பக்கம் அலுமினியத் தகடு ஒட்டி, கண்ணாடி இருந்த அதே ரப்பருக்குள் பொருத்துவது. வெட்டும் இல்லை, வெல்டிங்கும் இல்லை. எடுத்த கண்ணாடியைச் சாக்கில் சுற்றி ஓனரிடமே கொடுத்துவிடுவேன். "எதுக்கு அண்ணாச்சி?" என்பார்கள். "உம்ம பேரனுக்கு ஒரு நாள் வேணும்னு தோணும், வச்சிரும்" என்பேன்.

மூன்றாவது, பாரம். இயற்பியல் வகுப்பில் நெம்புகோல் படித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? அது அம்பாசடரிலும் வேலை செய்கிறது. அதன் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைவெளி 2,464 மில்லிமீட்டர். பின் அச்சுக்கு 60 சென்டிமீட்டர் பின்னால் 100 கிலோ வைத்தால், முன் சக்கரங்களின் மேல் உள்ள பாரத்தில் சுமார் 24 கிலோ குறையும். 300 கிலோ வைத்தால் 73 கிலோ. முன் சக்கரம் லேசானால் ஸ்டியரிங் பிடிக்காது, பிரேக்கும் முன்னால் சரியாகப் பிடிக்காது. பின்னால் கூடுதல் பட்டை போட்டு வண்டியை நிமிர்த்தலாம். பார்வைக்கு நிமிர்ந்து நிற்கும், கணக்கு மாறாது. ரொட்டி இடத்தை அடைக்கும், பாரம் ஏற்றாது. அதற்கு எஸ்டேட் பொருத்தம். ஆனால் நம் ஊரில் கிடைப்பது உப்பு! 50 கிலோ மூட்டை ஏழு ஏற்றினால் 350 கிலோ. அதற்கு இந்த வண்டி பிறக்கவில்லை.

டிரைவருக்கும் சரக்குக்கும் நடுவில் கம்பித் தடுப்பு கட்டாயம் வேண்டும். பிரேக் அடித்தால் வண்டி நிற்கும், ரொட்டித் தட்டு நிற்காது. பக்கத்துக் கண்ணாடி போய்விட்டால் இடதுபக்கப் பின்புறம் டிரைவருக்கு முழு இருட்டு. கன்டெய்னர் லாரிகள் ஓடுகிற நம் ரோட்டில் இரண்டு பக்கமும் மிரர் இல்லாமல் இறங்கவே கூடாது. நீளமான சாமானுக்காகப் பின்கதவைத் திறந்து வைத்து ஓட்டுவதும் ஆபத்து. புகைக்குழாயின் புகை சுழன்று உள்ளேதான் வரும். அதில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை.

கடைசியாக நம் கடற்கரையின் விசேஷம், உப்புக் காற்று. கண்ணாடி இருந்த வண்டியில் வெயில் உள்ளே விழும், காற்று போகும். மூடிய வேனில் ராத்திரி ஈரம் உள்ளேயே தங்கும். இரட்டைத் தகரத்துக்கு நடுவில் இறங்கிய தண்ணீர் உப்போடு சேர்ந்து உள்ளிருந்தே அரிக்கும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும், விரலை வைத்து அழுத்தினால் உள்ளே போகும். பின்சக்கர வளைவும் பின்கதவின் அடி ஓரமும்தான் முதலில் போகிற இடங்கள். உள்பக்கம் ரெட் ஆக்சைடு, அடியில் தண்ணீர் வடியத் துளை, கூரையில் காற்றுப்போக்கி, இந்த மூன்றும் இல்லாமல் வேனை மூடக் கூடாது. மக்ரூனுக்கும் அதுதான் நல்லது. ஈரம் பட்டால் அது நமத்துப் போகும் என்பது தூத்துக்குடிக்காரர்களுக்குத் தெரியாதா!

இதெல்லாம் கை வேலை. இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. ஒரு வண்டி மனுஷனுக்கா, சரக்குக்கா என்று அரசாங்கம் பார்க்கும்போது, கண்ணாடியும் சீட்டும்தான் முதலில் கண்ணில் படுகின்றன. அமெரிக்காவில் 1964 முதல் இறக்குமதி வேன்களுக்கு 25 சதவீத வரி. கோழி ஏற்றுமதித் தகராறில் பிறந்ததால் கோழி வரி என்றே பெயர். கார்களுக்கோ 2009இல் 2.5 சதவீதம்தான் இருந்தது. ஃபோர்டு கம்பெனி 2009 முதல் துருக்கியில் செய்த டிரான்ஸிட் கனெக்ட் வண்டிகளைப் பின் சீட்டோடும் கண்ணாடியோடும் காராக இறக்கியது. துறைமுகத்தில் வரி கட்டி முடித்ததும் சீட்டைக் கழற்றி, கண்ணாடி இருந்த இடத்தில் தகரம் வைத்து, வேனாக விற்றது. வழக்கு பல ஆண்டு நடந்து, 2019இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஃபோர்டுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. 2024இல் 365 மில்லியன் டாலர் கொடுத்து ஃபோர்டு சமரசம் செய்துகொண்டது. நம் பட்டறை வேலையைத்தான் அவர்களும் செய்தார்கள், கொஞ்சம் பெரிய அளவில்!

நம் நாட்டுச் சட்டமும் மாறிவிட்டது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை 2000இல் திருத்தினார்கள். கம்பெனி குறித்த விவரத்துக்கும் ஆர்.சி. விவரத்துக்கும் மாறுபடும்படி வண்டியின் அமைப்பை ஓனர் மாற்றக் கூடாது என்றது திருத்தம். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தச் சட்டப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. விபத்து நடந்துவிட்டால் இன்சூரன்ஸ் கம்பெனி கேட்கும் முதல் கேள்வியும் இதுதான். அன்றைக்கு நான் அனுமதி வாங்கிச் செய்த வேலையை இன்றைக்கு யாரும் செய்ய முடியாது.

இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், நம் செட்டைச் சேர்ந்த ஒரு நண்பர் வீட்டு விஷயம். பெயர் வேண்டாம், அவரும் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய தகப்பனார் வாங்கிய அம்பாசடர் எஸ்டேட், 1968 மாடல், வீட்டு ஷெட்டில் நிற்கிறது. மகன் பேக்கரி வைத்திருக்கிறார். "மாமா, ஒண்ணு அதை வேனாக்கித் தாங்க, கடைக்கு ஓடட்டும். இல்லேன்னா பழைய இரும்புக்குப் போட்டுருவேன். சும்மா நிக்கிறதுக்கு எடம் இல்ல" என்று என்னிடம் வந்தார். நண்பர் ஒன்றும் பேசவில்லை. அந்த வண்டியில்தான் அவருடைய தங்கைகள் மூன்று பேரும் கல்யாணமாகிப் போனார்கள். மகன் சொல்வதும் தப்பில்லை. கடன் வாங்கிக் கடை நடத்துகிறவருக்கு இடமும் பணம்தான்.

நான் அவரிடம் கணக்காகவே பேசினேன். "தம்பி, வேனாக்கினா சட்டப்படி ஓடாது, இன்சூரன்ஸ் நிக்காது, எஃப்.சி.யும் கிடைக்காது. ஆனா உங்க தாத்தா வண்டிக்கு வேற ஒரு வழி இருக்கு" என்றேன். 2021இல் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்குத் தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய வண்டி, பாடியிலும் இன்ஜினிலும் பெரிய மாற்றம் இல்லாமல் அசல் வடிவத்தில் இருந்தால், அந்த வகையில் பதிவு செய்யலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். கண்காட்சி, பழைய கார் ஊர்வலம் போன்றவற்றுக்கு ரோட்டில் கொண்டுபோகலாம். வியாபாரத்துக்கு ஓட்டக் கூடாது. 'அசல் வடிவத்தில்' என்ற வார்த்தையைக் கவனியுங்கள். நாம் தகரம் வைத்து மூடினால் அந்த வாசலும் மூடிப்போகும். வெட்டாத வண்டிக்குத்தான் இன்றைக்கு மதிப்பு.

ரொட்டிக்கு ஒரு சின்ன சரக்கு வண்டியைத் தவணையில் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். 3,000 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டிக்குப் பெர்மிட்டும் தேவையில்லை. தம்பி இரண்டு நாள் யோசித்தார். இப்போது புது வண்டி கடைக்கு ஓடுகிறது. எஸ்டேட்டுக்கு ஷெட்டில் தூசி தட்டி, பின்சக்கர வளைவில் துரு எடுக்கும் வேலை நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் போய் ஸ்பேனர் பிடிக்கிறேன். பதிவுக்கு விண்ணப்பம் இன்னும் போடவில்லை. பழைய ஆர்.சி. புக்கைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். கிடைக்கும் என்று நம்புகிறேன்.

ஆகவே நண்பர்களே, உங்கள் வீட்டுக் கொட்டகையில் இப்படி ஒரு வண்டி நின்றால் மூன்று காரியம் செய்யுங்கள். முதலில் ஆர்.சி. புக்கைப் பத்திரப்படுத்துங்கள். இரண்டாவது, தரையைத் தூக்கிப் பார்த்துத் தண்ணீர் வடிகிறதா என்று கவனியுங்கள். மூன்றாவது, கத்தரியோடு யாராவது வந்தால், அது என்னைப் போல எவ்வளவு அனுபவப்பட்ட டிங்கராக இருந்தாலும் சரி, டீ வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிடுங்கள். தகரத்தை எப்போது வேண்டுமானாலும் வைக்கலாம். வெட்டின தூணை மறுபடி முளைக்கவைக்க எந்தப் பட்டறையாலும் முடியாது.

 சாப்பாடு தயாராகிவிட்டது என்று செயலாளர் கைகாட்டுகிறார்.