சுவருக்குள் இருக்கும் அமானிதம்

(நமது டிரஸ்ட் நடத்தும் எலக்ட்ரீஷியன் பயிற்சியின் புதிய பிரிவு தொடக்க நாளில் செயலாளர் ஆற்றிய உரை)



 

இந்தப் பயிற்சியின் பாடத்திட்டத்தில் மூன்று பிரிவுகள் இருக்கின்றன. மின்சாரத்தின் அடிப்படை, வேலை இடத்துப் பாதுகாப்பு, தொழில் கணக்கு. மூன்றுக்கும் தனித்தனி நோட்டுப் போடச் சொல்வார்கள். போடுங்கள். ஆனால் வேலைக்குப் போனபின் மூன்றும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும். அந்த இடத்தைக் காட்டத்தான் இந்தப் பேச்சு.

பெருமானார் (ஸல்) அவர்கள் ஒருமுறை கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்தார்கள். மேலே காய்ந்த தானியம். உள்ளே ஈரம். மழையில் நனைந்துவிட்டது என்று வியாபாரி சொன்னார். அப்படியானால் அந்த ஈரத்தை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்க வேண்டாமா என்று கேட்டு, மோசடி செய்பவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று கண்டித்தார்கள். முஸ்லிம் கிரந்தத்தில் வரும் செய்தி இது.

தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்க்கலாம். சுவருக்குள் கையை விட முடியுமா? பைப்பைப் பதித்து, வயரை இழுத்து, கொத்தனார் பூசி, பெயிண்டும் அடித்துவிட்டால் உள்ளே என்ன போட்டிருக்கிறது என்பது அல்லாஹ்வுக்கும் வயர்மேனுக்கும்தான் தெரியும். அதனால்தான் இதை அமானிதத் தொழில் என்கிறேன்.

அங்கே மறைக்கக்கூடியது எது? முதலில் எர்த் வயர். பேஸ் இல்லாவிட்டால் லைட் எரியாது. நியூட்ரல் இல்லாவிட்டாலும் எரியாது. வீட்டுக்காரர் உடனே போன் போடுவார். எர்த் இல்லாவிட்டால்? லைட் எரியும், பேன் ஓடும், மிக்ஸி அரைக்கும். ஒரு குறையும் தெரியாது. கிரைண்டருக்குள் ஒரு வயரின் மேல்தோல் தேய்ந்து, அதன் இரும்பு உடலைத் தொடுகிற நாள்வரை தெரியாது. அன்று அந்தக் கிரைண்டர் முழுக்கக் கரண்ட் நிற்கும். ஈரத்தரையில் வெறுங்காலோடு மாவு அள்ளும் நம் தாயோ சகோதரியோ அதைத் தொடுவார். எர்த் ஒழுங்காக இருந்தால் அந்தக் கரண்டுக்குத் தரைக்குப் போக ஒரு சுலபமான வழி கிடைத்து, சுவிட்ச் தானாக விழுந்துவிடும். இல்லையென்றால் அந்த வழி அவருடைய உடம்புதான்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. கரண்ட் என்பது வோல்டேஜை ரெசிஸ்டன்ஸால் வகுப்பது. இது ஓம் விதி. நம் வீட்டு வோல்டேஜ் 230. நனைந்த உடம்பின் ரெசிஸ்டன்ஸ் சுமார் 1000 ஓம் அளவுக்கு இறங்கிவிடலாம். வகுத்தால் 0.23 ஆம்பியர். உயிர் போக இது போதும். "எங்கள் வீட்டில் எம்.சி.பி. போட்டிருக்கிறதே" என்பார்கள். 16 ஆம்பியர் எம்.சி.பி. 0.23 ஆம்பியருக்கு அசையவே அசையாது. அது வயரைக் காப்பாற்றுவதற்காக வைத்தது. மனிதரைக் காப்பாற்ற வைப்பது ஆர்.சி.சி.பி. 30 மில்லி ஆம்பியர், அதாவது 0.03 ஆம்பியர், வழிதவறிப் போனாலே கண் இமைக்கும் நேரத்தில் அது மெயினை அறுத்துவிடும். இரண்டும் பார்ப்பதற்கு அண்ணன் தம்பி போல இருக்கும், வேலை வேறு. ஒரு கையில் பேஸும் மறு கையில் நியூட்ரலுமாகப் பிடித்துக்கொண்டவரை ஆர்.சி.சி.பி.யும் காப்பாற்றாது. அதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

இன்னொரு கணக்கு வாட்டைப் பற்றியது. வாட்டை 230-ஆல் வகுத்தால் ஏறக்குறைய எத்தனை ஆம்பியர் என்று வந்துவிடும். 1000 வாட் அயர்ன் பாக்ஸ் 4 ஆம்பியருக்குச் சற்று மேல். 2000 வாட் வாட்டர் ஹீட்டர் 9 ஆம்பியருக்குச் சற்றுக் குறைவு. 2000 வாட் கரண்ட் அடுப்பும் அவ்வளவே. மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் சொருகினால் 21 ஆம்பியரைத் தாண்டும். கரண்ட் இரண்டு மடங்கானால் வயரில் உண்டாகும் சூடு நான்கு மடங்காகும். தீ இப்படித்தான் பிடிக்கிறது. பியூஸ் அடிக்கடி போகிறதென்று தடித்த செப்புக் கம்பியைக் கட்டிவிடுகிறவர்கள், காவல்காரனுக்குத் தூக்க மாத்திரை கொடுக்கிறார்கள். உறங்கப் போகும்போது விளக்கை அணைத்துவிடுங்கள் என்று நபியவர்கள் சொன்னது வீட்டில் தீ பிடிக்கும் என்ற கவலையால்தான். அந்தக் கவலை இன்று வயர்மேனிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது.

அடுத்து, உங்கள் உயிர். அதுவும் அமானிதமே. உங்களுக்காக வீட்டில் சோறு எடுத்து வைத்துக் காத்திருப்பவர்களின் உரிமையும் அதில் இருக்கிறது. நான்கு பழக்கங்களைச் சொல்கிறேன்.

ஒன்று: மெயினை அணைத்தால் மட்டும் போதாது. பியூஸ் கேரியரைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். எம்.சி.பி.யாக இருந்தால் பூட்டுங்கள். முடியாவிட்டால் "ஆள் வேலை செய்கிறார்" என்று எழுதி ஒட்டி, ஒருவரை அங்கே நிறுத்துங்கள். கரண்ட் போய்விட்டது என்று நினைத்து யாராவது வந்து மேலே தள்ளிவிடுவார்கள். அவர்களுக்குக் கெட்ட எண்ணம் இருக்காது.

இரண்டு: டெஸ்டரை முதலில் கரண்ட் இருக்கும் இடத்தில் வைத்து, அது வேலை செய்கிறதா என்று பாருங்கள். பிறகு வேலை செய்யும் இடத்தில் பாருங்கள். மறுபடியும் கரண்ட் இருக்கும் இடத்தில் பாருங்கள். கெட்டுப்போன டெஸ்டரும் "கரண்ட் இல்லை" என்றுதான் சொல்லும்.

மூன்று: நிறத்தை நம்பாதீர்கள். நம் ஊர் மூன்று பேஸ் லைனில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் பேஸ். சர்வதேச ஐ.இ.சி. முறையில் நீலம் நியூட்ரல். நாளை வளைகுடாவுக்கோ சிங்கப்பூருக்கோ போகப்போகிறவர்கள் இதைக் கண்டிப்பாக நினைவில் வையுங்கள். உள்ளூரிலும், சுருளில் மீதம் இருந்த வயரைப் போட்டு முடித்த வீடுகள் உண்டு.

நான்கு: கூட வேலை செய்பவரைக் கரண்ட் பிடித்துக்கொண்டால் பதறிப்போய் அவரைத் தொடாதீர்கள். முதலில் மெயின். அது எட்டாவிட்டால் காய்ந்த மரக்கட்டையால் அவரை விலக்குங்கள். பாசத்தில் ஓடிப்போய்த் தொட்டால் ஒரு ஜனாஸா இரண்டாகிவிடும்.

இனித் தொழில் கணக்கு. ஒரு சின்ன வீட்டின் வயரிங் வேலைக்கு உங்களைக் கூப்பிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சாமான் 22,000 ரூபாய். உங்கள் கூலி நாளுக்கு 1,000, உதவியாளுக்கு 700. ஆறு நாளைக்கு 10,200. வண்டிச் செலவு, டிரில் பிட், கருவித் தேய்மானம் 1,300. ஆக அடக்கம் 33,500. அதன்மேல் 3,500 லாபம் வைத்து 37,000 கேட்கிறீர்கள். கூலி வேறு, லாபம் வேறு. லாபத்தில்தான் நாளைக்கு ஒரு நல்ல டிரில் மெஷின் வாங்குவீர்கள். வேலை இல்லாத வாரத்தைத் தள்ளுவீர்கள்.

வீட்டுக்காரர் சொல்கிறார்: "இன்னொருத்தர் 31,000-க்கு முடித்துத் தருகிறேன் என்கிறாரே!" உங்கள் அடக்கமே 33,500. முதலுக்கே மோசம். அவர் எப்படி முடிக்கிறார்? தன் கூலியைக் குறைத்திருந்தால் அது அவர் விருப்பம். ஆனால் எர்த் வயர் இல்லை, எர்த் குழி இல்லை, ஆர்.சி.சி.பி. இல்லை, பவர் பிளக்குக்கு 2.5 ஸ்கொயர் எம்.எம். போட வேண்டிய இடத்தில் 1.5 என்றால்? குறைந்தது விலையா, உயிரா? நான் முதலில் சொன்ன இடம் இதுதான். மின்சாரப் பாடம், பாதுகாப்புப் பாடம், வியாபாரப் பாடம் மூன்றும் இந்த ஒரு எஸ்டிமேட் தாளில் வந்து நிற்கின்றன.

என்ன செய்வது? மொத்தமாக ஒரு தொகை சொல்லாதீர்கள். எழுதிக் கொடுங்கள். எந்த வயர், என்ன அளவு, எத்தனை மீட்டர், எர்த்துக்கு எவ்வளவு, ஆர்.சி.சி.பி.க்கு எவ்வளவு என்று வரி வரியாக எழுதுங்கள். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம் குர்ஆனிலேயே மிக நீளமானது. பணக் காரியத்தில் எழுத்துக்கு மார்க்கம் கொடுத்திருக்கும் இடம் அது. எழுதியபின் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள்: "அவரிடமும் இதேபோல எழுதி வாங்குங்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்." பலருக்கு அந்த இடத்திலேயே விஷயம் புரிந்துவிடும். பெயிண்ட் செலவையோ டைல்ஸ் செலவையோ குறைத்துக்கொள்வார்கள்.

புரிந்தும் "எர்த் வேண்டாம், நான் பொறுப்பு" என்று ஒருவர் சொன்னால், அந்த வேலையை விட்டுவிடுங்கள். அவர் பொறுப்பேற்க முடியாது. அந்த வீட்டில் நாளை வாடகைக்கு வருகிறவரின் குழந்தைக்கு அவர் எப்படிப் பொறுப்பாவார்? மருத்துவம் தெரியாமல் மருத்துவம் பார்த்தவர் விளைவுக்குப் பொறுப்பாளி என்று ஹதீஸ் இருக்கிறது. தெரிந்துகொண்டே தவறாகச் செய்தவரின் நிலையை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இன்னும் இரண்டு. வீட்டுக்காரர் சாமான் வாங்கக் கொடுக்கும் அட்வான்ஸ் உங்கள் வருமானம் அல்ல. அதைத் தனியாக வையுங்கள். பில்லோடு கணக்குக் கொடுங்கள். இரண்டாவது, எலக்ட்ரிகல் கடையில் தரும் கமிஷன். வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு வாங்குங்கள். சொல்லக் கூச்சமாக இருந்தால், அந்தக் கூச்சத்திலேயே பதில் இருக்கிறது.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. முதல் வருஷம் நேர்மையாகத் தொழில் செய்கிற பிள்ளைக்கு வேலை குறைவாகத்தான் வரும். வேண்டாம் என்று ஒரு வேலையைத் திருப்பிவிட்டு வருகிற நாளில், "பக்கத்து வீட்டுப் பையன் எவ்வளவு சம்பாதிக்கிறான் தெரியுமா" என்று கேட்டுவிடாதீர்கள். சுவருக்குள் எர்த் வயர் இருப்பதும் இல்லாததும் பல நேரங்களில் உங்களின் அந்த ஒரு கேள்வியில்தான் இருக்கிறது.

உதவி மனுக்களை விசாரிக்க நம் வீடுகளுக்குப் போகும்போது நான் பார்க்கிறேன். பிளக் இல்லாமல் இரண்டு வயரைத் தீக்குச்சியால் சொருகியிருப்பார்கள். மூன்று முள் பிளக்கில் எர்த் முள்ளை உடைத்திருப்பார்கள். இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் மெயின் போர்டைத் திறந்து பாருங்கள். "T" என்று சிறு பொத்தான் உள்ள ஆர்.சி.சி.பி. இருந்தால் மாதம் ஒருமுறை அதை அழுத்துங்கள். உடனே விழ வேண்டும். விழாவிட்டால் மாற்ற வேண்டும். இல்லவே இல்லையென்றால், பெருநாள் துணிக்கு முன்னால் அதை வாங்குங்கள். ஒளு செய்த ஈரக் கையோடு சுவிட்சைத் தொடும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

பிள்ளைகளே, பயிற்சி முடிந்ததும் அரசின் மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வுக்கான தகுதியைக் கேட்டு அறிந்து, அதை எழுதுங்கள். நம் பயிற்சிச் சான்றிதழ் ஒரு தொடக்கம். அரசுச் சான்றிதழ்தான் உங்கள் தொழிலுக்கு முகவரி.

நீங்கள் வயரிங் செய்த வீட்டில் முப்பது வருஷம் கழித்தும் யாரோ ஒருவர் நிம்மதியாக உறங்குவார். உங்கள் பெயர் அவருக்குத் தெரியாது. கூலி தருகிற ரப்புக்குத் தெரியும். அவன் உங்கள் கைகளுக்குப் பாதுகாப்பையும், உங்கள் சம்பாத்தியத்தில் பரக்கத்தையும் தருவானாக. ஆமீன்.