லாரி எஞ்சினில் பெல்ட்டும் கப்பியும்

கிணற்றடியில் கயிறு ஓடும் கப்பியைக் காணாதவர் உங்களில் ஒருவரும் இருக்கமாட்டீர்கள். லாரி எஞ்சினின் முகப்பிலும் மூன்று நான்கு கப்பிகள் உண்டு. பட்டறையில் அவற்றைப் புல்லி என்பர். கிணற்றடியில் கயிற்றை நாம் இழுக்கிறோம். கப்பி சுழன்று கொடுக்கிறது, அவ்வளவே. எஞ்சினிலோ கிராங்க் தண்டின் நுனியிலுள்ள கப்பி ஒரு ரப்பர்ப் பெல்ட்டை இழுக்க, அந்தப் பெல்ட் மற்றக் கப்பிகளைச் சுழற்றித் தண்ணீர்ப் பம்பையும், விசிறியையும், மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரையும் ஓட்டவேண்டும். பெல்ட் அறுந்தால் எஞ்சினைச் சுற்றிவரும் தண்ணீர் நின்றுவிடும். சில நிமிடங்களில் எஞ்சின் கொதிக்கும். கவனியாது மேலும் ஓட்டினால் சிலிண்டர் தலை கோணும். பிஸ்டன் இறுகிப்போவதும் உண்டு. பனிக்கட்டியில் மீன் ஏற்றிப் போகும் வண்டியானால், சரக்கும் அழுகிவிடும்.

அறுந்த பெல்ட்டுக்குப் பதில் புதுப் பெல்ட் மாட்டிவிட்டால் பழுது தீர்ந்தது என்று பலர் எண்ணுகின்றனர். பெரும்பாலும் பழுது பெல்ட்டில் இருப்பதில்லை. கப்பியிலோ, அதன் பேரிங்கிலோ, கப்பிகள் நிற்கும் வரிசையிலோ இருக்கிறது. பெல்ட் அந்தப் பழுதை நமக்குக் காட்டிக் கொடுக்கிறது.

பெல்ட் கப்பியை எவ்வாறு பற்றுகிறது என்பதை முதலில் பார்ப்போம். அதன் குறுக்குவெட்டு ஆப்பு வடிவானது. அது பள்ளத்தின் அடியைத் தொடாமல், இரு பக்கச் சுவர்களுக்கிடையே ஆப்பாக இறங்கிப் பிடிக்கிறது. இப்பிடிப்பின் வலிமையைக் கணக்கிடும் வழியைப் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே ஆய்லர் என்னும் கணித மேதை காட்டியிருக்கிறார். பெல்ட் கப்பியை அரைச்சுற்றுத் தழுவுவதாகவும், உராய்வெண் 0.3 என்றும் கொள்வோம். தட்டையான பெல்ட்டானால், இறுகிய பக்கத்து இழுவிசை தளர்ந்த பக்கத்தைப்போல் 2.6 மடங்கைத் தாண்டும்போது வழுக்கிவிடும். 38 பாகைப் பள்ளத்தில் பதிந்த ஆப்புப் பெல்ட்டானால் ஏறத்தாழ 18 மடங்கு வரை தாங்கும். உராய்வெண்ணை 19 பாகையின் சைன் மதிப்பால் வகுத்துக்கொண்டு, கல்லூரி மாணவர்கள் தாமே இதைச் சரிபார்க்கலாம். ஆகவே பக்கச் சுவர்களே கப்பியின் உயிர்நிலை. பள்ளத்தின் அடி கண்ணாடிபோல் மின்னுமாயின், சுவர்கள் தேய்ந்து பெல்ட் அடியில் உட்கார்ந்துவிட்டது என்று அறியலாம். அத்தகைய கப்பியில் எந்தப் புதுப் பெல்ட்டும் நிலைக்காது.

மண்டைக்காட்டு வட்டாரத்தில் இத்தேய்மானத்துக்குத் தனிக் காரணங்கள் உண்டு. மணவாளக்குறிச்சிக்கும் குளச்சலுக்கும் இடைப்பட்ட இக்கடற்கரையின் கருமணல் உலகறிந்தது. மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் இருப்பது 1909-இல் கண்டறியப்பட்டது. இம்மணலில் கார்னெட்டும் சிர்க்கானும் கலந்துள்ளன. இரண்டும் இரும்பினும் கடினமானவை. கார்னெட் தூளை ஒட்டித்தான் ஒருவகை உப்புத்தாளே செய்கிறார்கள். எஞ்சின் விசிறி ரேடியேட்டர் வழியாகக் காற்றை இழுக்கும்போது, காற்றில் பறக்கும் நுண்மணலும் கூடவே வருகிறது. பெல்ட்டில் பதிந்த மணல் பள்ளத்தை அராவத் தொடங்குகிறது. உப்புக்காற்றின் வேலை வேறு. ஜூன், ஜூலை மாதங்களில் மேற்குக் கடற்கரையில் விசைப்படகு மீன்பிடிப்புக்குத் தடை இருப்பதால், மீன் லாரிகளின் ஓட்டம் குறைகிறது. மழையிலும் உப்புக்காற்றிலும் நிற்கும் லாரியின் கப்பிப் பள்ளத்தில் துரு ஏறும். அதைக் கம்பித்தூரிகையால் தேய்த்து எடுக்காமல் வண்டியைக் கிளப்பினால், துருவே பெல்ட்டுக்கு அரமாகும்.

குளச்சல் மீன் லாரி ஒன்று ஒரே மாதத்தில் மூன்று பெல்ட்டுகளை அறுத்துவிட்டு மண்டைக்காட்டுப் பக்கத்துப் பட்டறை ஒன்றில் வந்து நின்றதை நான் கண்டேன். ஓட்டுநர் இளைஞர்; கடைக்காரர் மட்டமான பெல்ட் கொடுத்துவிட்டார் என்று சினத்தோடு முறையிட்டார். முதிய மெக்கானிக் அதற்கு விடை சொல்லவில்லை. “பழைய பெல்ட்டு எல்லாம் எங்க மக்களே?” என்று மட்டும் கேட்டார். “டூல் பெட்டியிலே கிடக்கு, அண்ணாச்சி” என்றார் இளைஞர். மூன்றையும் வாங்கித் தரையில் பரப்பிப் பார்த்தபோது, மூன்றிலும் ஒரே பக்கம் தேய்ந்து, அதே பக்கத்தில் உள்நூல் பிரிந்திருந்தது. பிறகு அவர் கொத்தனார் நூல் பிடிப்பதுபோல், கப்பிகளின் முகத்துக்குக் குறுக்கே ஒரு நூலை இழுத்துப் பிடித்தார். ஆல்டர்னேட்டர்க் கப்பி ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் முன்தள்ளி நின்றது. முன்பு பழுது பார்த்தபோது யாரோ தடித்த வாஷர் ஒன்றைப் போட்டிருந்தனர். அரைப் பாகைச் சாய்வு, அதாவது 300 மில்லிமீட்டர் தூரத்தில் இரண்டரை மில்லிமீட்டர்தான், இத்தகைய பெல்ட் பொறுக்கும் எல்லை.

இவ்வாறு இறந்த பெல்ட்டைப் படிக்கலாம். பக்கங்கள் மெருகேறி மின்னினால் வழுக்கியிருக்கிறது. தொட்டால் மெத்தென்று ஊதியிருந்தால் எண்ணெயோ டீசலோ பட்டிருக்கிறது. கசிவை நிறுத்தாமல் புதியது மாட்டுவது வீண். குறுக்கே வெடிப்புகள் கண்டால் வெப்பமும் வயதும் காரணம். ஓடுகையில் புரண்டுகொண்டால், மாட்டும்போது ஸ்குரூடிரைவரால் நெம்பியதில் உள்நூல் அறுந்திருக்கக்கூடும். பெல்ட்டை எப்போதும் இறுக்கும் போல்ட்டைத் தளர்த்தியே மாட்டவேண்டும்.

ஒலியும் பேசும். கிறீச்சென்ற நீண்ட அலறல் வழுக்கலைக் குறிக்கும். குருவி போன்ற விட்டுவிட்டு வரும் கீச்சொலி வரிசைக் கோணலைக் குறிக்கும். ஐயமிருந்தால், கையை எட்ட வைத்துக்கொண்டு ஓடும் பெல்ட்டின்மீது சிறிது நீர் தெளியுங்கள். ஒலி சற்று அடங்கி மீண்டும் எழுந்தால் கோணல். உடனே மிகுந்தால் தளர்ச்சி. சோப்புக் கட்டி தேய்த்து ஒலியை அடக்குவோரும் உளர். அதில் மணல் ஒட்டிக்கொண்டால் பெல்ட்டே உப்புத்தாளாகிவிடும்.

தளர்ச்சிக்கு அஞ்சி வீணைத் தந்தியைப்போல் இறுக்குவதும் தவறே. அப்போது பெல்ட்டின் ஆயுளும் குறையும். தண்ணீர்ப் பம்பின் பேரிங் போய்விடும். இரு கப்பிகளுக்கிடையே நீளமான பகுதியின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் 10 முதல் 15 மில்லிமீட்டர் அமிழ்வது பொதுவான அளவு. வண்டியின் கையேடு வேறு சொன்னால் அதையே கொள்க. பெல்ட்டைக் கழற்றியிருக்கும்போது ஒவ்வொரு கப்பியையும் கையால் சுழற்றி, ஆட்டிப் பாருங்கள். சொரசொரப்போ ஆட்டமோ தெரிந்தால் பேரிங் கெட்டது. இவற்றையெல்லாம் எஞ்சினை நிறுத்திச் சாவியைக் கையில் எடுத்த பின்னரே செய்யவேண்டும். ஓடும் பெல்ட்டில் விரல் இழந்த தொழிலாளரைப் பட்டறைகளில் காணலாம்.

இப்போதைய லாரிகள் பலவற்றில் ஆப்புப் பெல்ட்டுக்குப் பதில், உட்புறம் நீளவாட்டில் வரிகள் ஓடும் ஒற்றைப் பெல்ட் எல்லாக் கப்பிகளையும் வளைந்து சுற்றி வருகிறது. தானே இறுக்கம் கொடுக்கும் வில்பொறியும் உண்டு. இதற்கும் கட்டைவிரல் சோதனை பொருந்தாதே தவிர, நூல் பிடித்துப் பார்ப்பது பொருந்தும். இதில் பயன்படும் புதுவகை ரப்பர் பழையதைப்போல் எளிதில் வெடிப்பதில்லை. டயரைப்போல் மெல்லத் தேய்கிறது. கண்ணுக்குப் புதிது போலவே தோன்றும். ஆதலால் வரிகளின் ஆழத்தை அதற்குரிய அளவுகோலை வைத்தே பார்க்கவேண்டும்.