கேட்டவர் காத்த நாடகம்

(வானொலி இலக்கியத் தொடரில் வாசிக்கப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நாடகத்தைப் பற்றிப் பேசும்போது எழுதியவரைப் பற்றியும் நடித்தவரைப் பற்றியுமே நாம் பெரிதும் பேசுகின்றோம். கேட்டவரைப் பற்றிப் பேசுவதில்லை. இன்று கேட்டவரைப் பற்றிச் சிறிது பேசலாம் என்று எண்ணுகின்றேன்.

1997ஆம் ஆண்டு. புதுக்குடியிருப்பில் ஒரு தென்னங்காணிக்குள் கொட்டில் போட்டு இருந்தோம். மின்சாரம் கிடையாது. வன்னிக்குள் கொண்டுவரத் தடைசெய்யப்பட்டிருந்த பொருள்களுள் பற்றறியும் ஒன்று. ஆகவே மிதிவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, பின்சில்லைக் கையால் சுழற்றி, டைனமோவில் பிறக்கும் மின்சாரத்தில் வானொலியைக் கேட்போம். அந்த நாட்களில் வன்னியில் வாழ்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. செய்தி நேரமென்றால் பெரியவர்கள் சுழற்றுவார்கள். நாடகமென்றால் அந்த வேலை சிறுவர்களின் தலையில் விழும்.

ஓரிரவு திருச்சி வானொலியில் ஒரு நாடகம். ஏழெட்டு வீட்டாராவது எங்கள் முற்றத்தில் கூடியிருந்தார்கள். கதை முடியப்போகிறது. வெளியே காலடி ஓசை. கதவு தட்டப்படுகிறது. "ஆர் அது?" என்று ஒரு பெண்குரல். அந்த நேரம் பார்த்துச் சுழற்றிக்கொண்டிருந்த பொடியனுக்குக் கை ஓய்ந்துவிட்டது. குரல் மெலிந்து மெலிந்து கிணற்றுக்குள் போய்விட்டது. "சுத்தடா தம்பி, விடாமல் சுத்தடா!" என்று பக்கத்து வளவு ஆச்சி கத்தினார். மறுபடி சத்தம் வந்தபோது நாடகம் முடிந்து பாட்டுப் போய்க்கொண்டிருந்தது.

கதவைத் தட்டியவர் யார்? அடுத்த ஒரு கிழமை எங்கள் குறிச்சியில் பேச்சு இதுதான். ஓடிப்போன மகன் திரும்பி வந்தான் என்றார் ஆச்சி. கடன்காரன்தான் வந்திருப்பான் என்றார் ஓய்வுபெற்ற தபாற்காரர் ஒருவர். இல்லை, அந்தக் காலடியில் செருப்புச் சத்தம் கேட்கவில்லை, வந்தவன் வெறுங்காலோடு வந்தவன், ஆகையால் கடன்காரனாக இருக்க முடியாது என்று ஒரு மாணவி வாதாடினாள். காலடிச் சத்தத்தை அவ்வளவு கூர்ந்து கேட்டிருக்கிறாள்! உண்மையான முடிவு எதுவென்று எங்களில் ஒருவருக்கும் இன்றுவரை தெரியாது. ஆனால் நான் கேட்ட நாடகங்களுள் மறக்காமல் இருப்பது அந்த முடியாத நாடகமே.

நேயர்களே, பல ஆண்டுகளின் பின்னர், இங்கிலாந்தில் விஞ்ஞானக் கதை நாடகமொன்றின் ரசிகர்கள் செய்த ஒரு காரியத்தைப் பற்றி வாசித்தபோது, எங்கள் முற்றம்தான் எனக்கு நினைவுக்கு வந்தது.

'டொக்டர் ஹூ' என்பது அந்தத் தொடரின் பெயர். பி.பி.சி. தொலைக்காட்சியில் 1963ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் தொடங்கியது. காலத்தையும் விண்வெளியையும் கடந்து பயணம் செய்யும் ஒருவர். அவருடைய கலம் வெளிப்பார்வைக்கு ஒரு நீலநிறப் பொலிஸ் கூண்டு. சாகும் தறுவாயில் அவர் வேறோர் உருவம் எடுப்பார். இந்தக் கூடுவிட்டுக் கூடுபாயும் வித்தை நமது விக்கிரமாதித்தன் கதையில் இல்லாததன்று. இதனால் நடிகர்கள் மாறமாறக் கதை தொடர்ந்துகொண்டே இருந்தது.

இந்தத் தொடரில் ஓசைக்கு இருந்த இடம் பெரிது. கலம் புறப்படும்போது எழும் அந்த இரைச்சலை உண்டாக்கியவர் பிரயன் ஹொட்ஜ்சன். பழைய பியானோ ஒன்றின் தடித்த கம்பிகள் மீது வீட்டுச் சாவியை இழுத்து உரசி, அந்த ஓசையை ஒலிநாடாவில் பதிந்து, மாற்றிச் சேர்த்து உருவாக்கினார். வானத்தைக் கிழித்துக்கொண்டு போகும் கலத்துக்கு ஒரு சாவியும் ஒரு கம்பியும் போதுமாயிருந்தன. சிரட்டைகளைத் தட்டிக் குதிரையை ஓடவிட்ட வானொலிக் கலைஞர்களின் வழிதான் இதுவும்.

அக்காலத்தில் ஒலி, ஒளிநாடாக்களின் விலை அதிகம். ஒளிபரப்பாகி முடிந்த நிகழ்ச்சியை மீண்டும் யார் பார்க்கப்போகிறார்கள் என்ற எண்ணத்தில், அறுபதுகளின் இறுதியிலும் எழுபதுகளிலும் பி.பி.சி. நிறுவனம் பல நாடாக்களை அழித்தது. இத்தொடரின் தொடக்ககால அங்கங்கள் தொண்ணூறுக்கும் மேல் இன்றும் படமாகக் கிடையாது. ஆனால் அத்தனைக்கும் ஒலி இருக்கின்றது. எப்படி?

ரசிகர்கள் பதிந்து வைத்திருந்தார்கள். வீட்டிலே படத்தைப் பதியும் கருவி பரவாத காலம் அது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் சிலர் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் ஒலிவாங்கியை வைத்து, வீட்டாரைப் பேசாமல் இருக்கச்சொல்லி, கிழமை தவறாமல் பதிந்தார்கள். இன்னும் சிலர் பெட்டியிலிருந்து நேரே கம்பி தொடுத்துத் தெளிவாகப் பதிந்தார்கள். எந்த நிறுவனமும் அவர்களைக் கேட்கவில்லை. எவரும் கூலி கொடுக்கவில்லை. கதையை மறுபடி கேட்கவேண்டும் என்ற ஆசை, அவ்வளவுதான். 1966இல் ஒளிபரப்பாகிய 'டாலெக்குகளின் வலிமை' என்னும் கதையின் ஆறு அங்கங்களும் முற்றாக அழிந்தவை. சரியாக ஐம்பது ஆண்டுகளின் பின், 2016இல், ரசிகர் பதிந்த ஒலியின்மேல் ஓவியங்களை அசையவிட்டு அந்தக் கதையை மீட்டெடுத்து வெளியிட்டார்கள். நிறுவனம் அழித்ததை ரசிகர்கள் காத்தார்கள்.

இதோடு கதை முடியவில்லை. 1984ஆம் ஆண்டு தொடக்கம் ரசிகர் குழுவொன்று இலாபநோக்கின்றித் தாமே கதை எழுதி, தாமே நடித்து, ஒலிநாடாக்களாக இத்தொடரின் புதிய கதைகளைத் தயாரித்து வந்தது. 1989இல் தொலைக்காட்சித் தொடர் நிறுத்தப்பட்டது. பத்தாண்டுகளின் பின், 1999ஆம் ஆண்டு யூலை மாதத்தில், அந்தக் குழுவிலிருந்து வந்தவர்களான நிக்கலஸ் பிரிக்ஸ், கரி ரசல் ஆகியோர் முன்னின்று உழைத்த 'பிக் ஃபினிஷ்' என்னும் நிறுவனம், முறையான உரிமையோடு, பழைய நடிகர்களையே அழைத்து ஒலிநாடகங்களை வெளியிடத் தொடங்கியது. நடிகர்களுக்கு வயதேறியிருந்தது. தலை நரைத்திருந்தது. ஆனால் குரல் அதே குரல். ஒலிநாடகத்தில் நரை தெரிவதில்லையே! தொலைக்காட்சியில் 1986இல் இடைநடுவில் விலக்கப்பட்ட கொலின் பேக்கர் என்ற நடிகருக்கு, தமது பாத்திரத்தை முழுமையாக வாழ்ந்து காட்டும் வாய்ப்பு இந்த ஒலிநாடகங்களிலேயே கிடைத்தது.

அன்று முதல் ரசிகர்களிடையே ஒரு பெரிய விவாதம் நடந்து வந்தது. படமாக வராத, காதால் மட்டும் கேட்ட இந்தக் கதைகளை உண்மையான கதையின் பகுதியாகக் கொள்ளலாமா? 'கொள்ளலாம்' என்றார் ஒரு சாரார். 'தொலைக்காட்சியில் வந்ததே கதை. மற்றவை பொழுதுபோக்கு' என்றார் மறுசாரார். இதில் மிகுந்த அக்கறை காட்டியவர்கள் எட்டாவது டொக்டரின் ரசிகர்கள். போல் மக்கான் என்னும் அந்த நடிகர் 1996இல் ஒரேயொரு தொலைக்காட்சிப் படத்தில் தோன்றியவர். பின்னர் 2001 முதல் ஆண்டுக்கணக்காக ஒலிநாடகங்களில் மட்டுமே வாழ்ந்தவர். அவருடைய தோழர்களாக வந்த பாத்திரங்களின் முகத்தை எவரும் திரையில் கண்டதில்லை.

2013இல், தொடரின் ஐம்பதாவது ஆண்டையொட்டி, ஏழு நிமிடக் குறும்படமொன்றில் அவர் மீண்டும் தோன்றினார். உருமாற்றம் அடைவதற்கு முன் தமது தோழர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி வணங்கினார். சார்லி, கிரிஸ், லூசி, டாம்சின், மொலி. அத்தனையும் ஒலிநாடகப் பெயர்கள்! பல ஆண்டு விவாதத்துக்கு அந்த ஐந்து பெயர்களே விடையாயின. 'நீங்கள் காதால் கேட்டதும் உண்மைதான்' என்று கேட்டிருந்தவர்களுக்குச் சொன்னது போலாயிற்று.

இனி நம்மிடம் வருவோம்.

கொழும்பு வானொலி 1925ஆம் ஆண்டிலேயே தொடங்கியது. அதன் தமிழ் நாடகங்களுக்கு நமது ஊர்களில் இருந்த செல்வாக்கை மூத்த நேயர்கள் அறிவார்கள். 'சானா' என்று அழைக்கப்பட்ட எஸ். சண்முகநாதனின் 'லண்டன் கந்தையா', சில்லையூர் செல்வராசனின் 'தணியாத தாகம்' ஆகியவை ஒலிபரப்பாகும் வேளையில் வேலையை வைத்துவிட்டு வானொலியைச் சுற்றி அமர்ந்தவர்கள் எத்தனை பேர்! 'கோமாளிகளின் கும்மாளம்' நாடகத்தில் மரிக்காராக ராமதாஸ், அப்புக்குட்டியாக ராஜகோபால், உபாலியாகச் செல்வசேகரன், ஐயராக அப்துல் ஹமீட். நால்வருக்கும் நாலுவகைத் தமிழ். வாயைத் திறந்தவுடன் யார் பேசுகிறார் என்று சின்னப்பிள்ளையும் சொல்லிவிடும். பேச்சுமொழியே அங்கே முகமாகவும் உடையாகவும் நின்றது.

அந்த நாடகம் 1976இல் 'கோமாளிகள்' என்ற பெயரில் திரைப்படமாயிற்று. முன்பு சொன்ன ஆச்சி அந்தப் படத்தை வவுனியாவில் பார்த்தவராம். "எப்படி ஆச்சி படம்?" என்று கேட்டேன். "நல்ல படந்தான் மோனை. ஆனால் நான் கண்ட மரிக்கார் இவரில்லை. என்ரை மரிக்கார் இன்னும் கொஞ்சம் கட்டை" என்றார். குரலுக்கு உரிய மனிதரே திரையில் வந்து நின்றபோதும், ஆச்சி தாம் கண்டவரை விட்டுக்கொடுக்கவில்லை! இங்கிலாந்தில் நடந்த விவாதத்துக்கும் ஆச்சியின் இந்த வார்த்தைக்கும் என்ன வேறுபாடு? கேட்பவர் நாடகத்தில் பாதியைத் தாமே படைக்கின்றார். தாம் படைத்த பாதியை அவர் எளிதில் இன்னொருவருக்குக் கொடுத்துவிடமாட்டார். ஒலிநாடகத்தின் இலக்கியத் தகுதி இங்கேதான் இருக்கின்றது என்பது என் கருத்து.

நம்மவர்கள் கேட்டதோடு நின்றவர்களுமல்லர். 'இசையும் கதையும்' நிகழ்ச்சிக்கு ஊர் ஊராக நேயர்கள் கதை எழுதி அனுப்பினார்கள். தபாலட்டையில் ஒரு நேயரின் பெயரும் ஊரும் வாசிக்கப்பட்டால், அந்த ஊரே தலைநிமிர்ந்தது. கேட்பவர் எழுதுபவராக மாறும் இந்த வழி நமக்குப் புதியதன்று. முல்லைத்தீவுக் கோவலன் கூத்தை விடியவிடியப் பார்த்த சிறுவன், பின்னொரு நாள் அதே களரியில் காலெடுத்து வைக்கின்றான். கூத்து அப்படித்தானே நம்மிடம் வந்து சேர்ந்தது?

ஆனால் ஒரு காரியத்தை நாம் செய்யவில்லை. கேட்டதை நாம் காக்கவில்லை.

இதில் மற்றவரைக் குறைசொல்லுமுன் என்னையே சொல்லவேண்டும். சமாதான காலத்தில், 2003ஆம் ஆண்டளவில், நண்பர் ஒருவர் தந்த ஒலிநாடாக்கள் இருபதுக்கு மேல் என்னிடம் இருந்தன. பழைய வானொலி நாடகத் துண்டுகள் சில, ஊர்க்கூத்துப் பாடல்கள் சில. ஒன்றில் ஆச்சியின் குரலும் இருந்தது. கதவைத் தட்டியவன் மகன்தான் என்று அவர் திரும்பவும் நிறுவிய பேச்சு அது. சிரிப்புக்காகப் பதிந்தோம். ஒன்றையேனும் பிரதியெடுத்து இன்னோர் ஊரில் வைக்கவேண்டும் என்ற யோசனை எனக்கு வரவில்லை. 2009இல் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து போன வழியில் அந்தப் பை எங்கே விடுபட்டது என்று தெரியாது. அரிசியையும் பிள்ளைகளையும் காப்பாற்றவேண்டிய நேரத்தில் ஒலிநாடாவை யார் நினைத்தார்? அதற்காக நான் என்னை நோவதில்லை. ஆனால் அதற்குமுன் சில ஆண்டுகள் பாதை திறந்து கிடந்ததே, அந்த ஆண்டுகளுக்காக நோகின்றேன். ஆச்சி இப்போது இல்லை. அவருடைய குரலும் இல்லை.

ஏட்டைக் கறையான் தின்னுமுன் தேடியெடுத்து அச்சிட வேண்டும் என்று அலைந்த சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தார். எழுத்தைக் காக்க அத்தனை பாடுபட்ட பரம்பரை, ஓசையை மட்டும் காற்றோடு போகவிட்டது. வள்ளுவர் 'கேள்வி' என்று ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். கேட்பதை அவ்வளவு பெரிய செல்வமாக மதித்த மொழி நமது மொழி. அந்தச் செல்வத்துக்கு ஒரு பெட்டகம் வேண்டாமா?

இன்று மிதிவண்டியைக் கவிழ்க்கத் தேவையில்லை. ஒலிப்பதிவுக் கருவி ஒவ்வொருவரின் சட்டைப்பையிலும் கைப்பேசியாக இருக்கின்றது. உங்கள் வீட்டில் எழுபது வயதைக் கடந்த ஒருவர் இருந்தால், எந்த நாடகங்களைக் கேட்டீர்கள், யாரோடு இருந்து கேட்டீர்கள் என்று கேளுங்கள். அவர் நடித்துக் காட்டும் வசனத்தைப் பதியுங்கள். பதிவின் தொடக்கத்தில் ஊரையும் திகதியையும் சொல்லுங்கள். அலுமாரியின் அடியில் பழைய ஒலிநாடா கிடந்தால் எறியாதீர்கள். பூஞ்சணம் பிடித்ததென்றாலும், அறிந்தவரிடம் கொடுத்துப் பிரதியெடுக்கலாம். 2005 முதல் இயங்கிவரும் நூலக நிறுவனம் நூல்களோடு ஒலி ஆவணங்களையும் சேர்த்து வருகின்றது. எதைச் செய்தாலும் ஒரு பிரதியோடு நின்றுவிடாதீர்கள். ஒரு பிரதி ஒரு பையோடு போய்விடும்.

இங்கிலாந்தில் அந்தச் சிறுவர்கள் வரலாறு படைப்பதாக நினைத்து ஒலிவாங்கியைத் தூக்கியவர்களல்லர். பிடித்த கதை போய்விடக்கூடாது என்று நினைத்தவர்கள். அந்த அளவு ஆசை நம்மிடமும் உண்டு. கதவைத் தட்டியவன் யாரென்று ஒரு கிழமை வாதாடிய ஊர் நமது ஊர்.

அந்த முற்றத்தில் கை ஓய்ந்துபோன பொடியன் வேறு யாருமல்லன், நான்தான். நாடகத்தின் முடிவை அன்று ஏழெட்டு வீட்டாருக்கும் இல்லாமல் செய்தவன் என்ற முறையில், மிச்சமிருப்பவற்றுக்காவது விடாமல் சுழற்றுங்கள் என்று கேட்டு விடைபெறுகின்றேன்.