கம்பும் கல்வியும்

(நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டித் தென்காசியில் நடைபெற்ற இளைஞர் கூட்டத்தில் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



வெள்ளி விழா மேடையில் கல்வியைப் பற்றிப் பேசுமாறு எம்மைப் பணித்தார்கள். ஆனால் சென்ற மாதச் செயற்குழுவில் எழுந்த ஒரு வழக்கைத் தீர்க்காமல் கல்வியைப் பற்றிப் பேசுவது முறையாகாது என்று கருதுகிறோம். சங்க வளாகத்தில் மாலை நேரச் சிலம்பப் பயிற்சி தொடங்க வேண்டுமென்று இளைஞர்கள் விண்ணப்பம் கொடுத்தனர். அதைக் கண்ட பெரியவர் ஒருவர், “படிக்கிற பிள்ளைகள் கையில் கம்பைக் கொடுத்தால் வம்பு வரும், வழக்கு வரும்” என்று அஞ்சினார். உடனே இளைஞர் ஒருவர் எழுந்து, “இருபத்தைந்து ஆண்டுகளாகப் புத்தகத்தைத்தானே ஐயா கொடுத்தீர்கள்? அடிக்க வருகிறவன் மதிப்பெண் பட்டியலைப் பார்த்துவிட்டா கை வைக்கிறான்?” என்று கேட்டார்.

இரண்டு பேச்சிலும் உண்மை இருக்கிறது. 2023 ஆகஸ்டில் நம் அண்டை மாவட்டத்து நாங்குநேரியில், பள்ளி மாணவன் ஒருவனை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டிய கொடுமையை நாம் மறக்கவில்லை. அதன் பிறகு தமிழக அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு, 2024 ஜூனில் தன் அறிக்கையைத் தந்தது. பள்ளிகளில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைத் தடை செய்ய வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளுள் ஒன்று. இந்த நிலையில் பெரியவரின் அச்சமும் பொய்யன்று. இளைஞரின் கோபமும் பொய்யன்று. ஆகவே, கம்பு நமக்கு வேண்டுமா, வேண்டுமெனில் எதற்காக என்பதையே இன்று ஆராய்வோம்.

முதலில் உடலைப் பற்றிப் பேசுவோம். நம் பிள்ளைகளிற் பலர் இன்று காலையில் பேருந்தில் அமர்கின்றனர்; பகலெல்லாம் வகுப்பில் அமர்கின்றனர்; இரவில் கைப்பேசியின் முன் குனிகின்றனர். ஐந்து முதல் பதினேழு வயதுவரை உள்ளோர் நாள்தோறும் சராசரி 60 நிமிடமேனும் உடலை நன்கு இயக்க வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். வயலிலும் செங்கல் சூளையிலும் உழைத்த நம் பாட்டன்மார்க்கு இந்த அறிவுரை தேவைப்படவில்லை. அவர்கள் உழைத்துத் தேய்ந்தார்கள். நம் பிள்ளைகள் உழைக்காமல் துருப்பிடிக்கிறார்கள். இரண்டும் கூடாது.

நீங்கள் அனைவரும் குற்றாலத்துப் பேரருவியில் குளித்தவர்கள். சாரல் காலத்தில் நீர் கொட்டும்போது எப்படி நிற்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். விறைத்து நின்றால் நீர் தள்ளிவிடும். ஆகவே கால்களைச் சற்று அகற்றி, முழங்காலைச் சிறிது மடக்கி, உடலின் பாரத்தை இடுப்புக்குக் கீழே இறக்கி, பாதத்தைப் பாறையில் பதித்து நிற்கிறீர்கள். யாரும் சொல்லித் தராமலே உடல் கற்றுக்கொண்ட பாடம் இது. உலகத்துத் தற்காப்புக் கலைகள் பலவற்றிற்கும் இதுவே முதற்பாடமாகும்.

சீனத்தில் ‘தாய் சி’ என்றொரு கலை உண்டு. ஹெனான் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் சென் குடும்பத்தார் பதினேழாம் நூற்றாண்டு முதல் வளர்த்த போர்க்கலை அது. இன்று பூங்காக்களில் முதியோரும் மெல்ல மெல்லச் செய்யும் உடற்பயிற்சியாகப் பரவியுள்ளது. எல்லோரும் எளிதில் கற்பதற்காக 1956இல் சீன அரசின் விளையாட்டுத் துறையினர் அதனை 24 அசைவுகளாகச் சுருக்கி அமைத்தனர். 2020இல் யுனெஸ்கோ அதனை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பட்டியலிட்டது. அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் 2012இல் வெளிவந்த ஆய்வில், நடுக்குவாத நோயாளர் 195 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்து, வாரம் இருமுறை ஒரு மணி நேரமாக 24 வாரங்கள் பயிற்சி அளித்தனர். உடலை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களைவிடத் தாய் சி பயின்றவர்கள் நிலை தடுமாறாமல் நின்றனர். கீழே விழுவதும் குறைந்தது. ஒரு காலிலிருந்து மறு காலுக்குப் பாரத்தை மெதுவாக மாற்றும் பழக்கம் அதற்கு ஒரு காரணமாகலாம்.

சீனக் கலையைச் சொன்னவுடன், “அதுவும் நம் போதிதருமர் கற்றுத் தந்ததுதானே” என்று சிலர் கேட்பீர்கள். அது செவிவழிக் கதையேயன்றி, சான்றுடைய வரலாறு அன்று. பிறர் வளர்த்ததைப் பிறருடையது என்று ஒப்புக்கொள்வதே கற்றவர்க்கு அழகு. நமக்கென்று சிலம்பம் இருக்கும்போது கடன் பெருமை எதற்கு?

சிலம்பத்திலும் முதலில் கற்பிப்பது அடியன்று, காலடியே. வலமும் இடமும், முன்னும் பின்னும் கால் மாற்றி நடக்கும் வரிசைகள் பழகிய பின்னரே வீச்சும், தடுப்பும், குத்தும் வரும். ஏறத்தாழ ஆளின் நெற்றி உயரமுள்ள மூங்கிற் கம்பை இரு கையாலும் சுழற்றும்போது தோளும் மணிக்கட்டும் இடுப்பும் ஒருங்கே இயங்குகின்றன. எதிராளியின் கம்பைக் கண் பின்தொடர, மூச்சு சீராகிறது. கம்பு சுழற்றுவதும் ஓட்டத்தைப் போன்ற நல்ல உடற்பயிற்சியே. கூலி வேலைக்குக் கடல் கடந்து சென்ற தமிழர் மலேயா தோட்டங்களுக்கும் இக்கலையைக் கொண்டு சென்றனர். மலேசியத் தமிழரிடையே அது இன்றும் வாழ்கிறது.

இக்கலை நமக்கு இரவல் அன்று. நம் மாவட்டத்து நெற்கட்டும்செவலில் ஆங்கிலேயரை எதிர்த்த புலித்தேவரின் படையில் ஒண்டிவீரன் தளபதியாக விளங்கினார். 2022 ஆகஸ்டில் அஞ்சல் துறை அவருக்குத் தபால் தலை வெளியிட்டது. கட்டபொம்மனின் படையில் கவர்னகிரி சுந்தரலிங்கம் நின்றார். பாளையக்காரர் போர் முடிந்ததும், 1801 டிசம்பரில் கிளைவ் பிரபு வெளியிட்ட பிரகடனம் இப்பகுதி மக்கள் ஆயுதம் ஏந்துவதைத் தடை செய்தது. வாளும் வேலும் போயின. ஏழையின் கையில் கம்பு மிஞ்சியது. ஆனால் அந்தக் கம்பையும் நம்மவர் சிலர் பிறருடைய பகைக்காகச் சுழற்றினர். ஒருவேளைச் சோற்றுக்கும் ஒரு குவளைச் சாராயத்திற்கும் அடியாளாகச் சென்று, தம்மைப் போன்ற ஏழையையே அடித்தனர். கலை இருந்தது, கல்வி இல்லை. கல்வியற்ற கம்பு யார் கைக்கும் கருவியாகிவிடும். இளைஞர் தம்பி கேட்ட கேள்விக்கு இதுவே எமது முதல் விடை.

இனி எங்கள் வாழ்விலிருந்து ஒன்று சொல்ல அனுமதி வேண்டுகிறோம். 1980களின் தொடக்கத்தில் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் ஐந்து பேர் உயர்நிலைப் பள்ளிக்கு மூன்று மைல் சென்று படித்தோம். இருவரிடம் பழைய மிதிவண்டி இருந்தது. வழியில் ஒரு தெரு உண்டு. அந்தத் தெருவில் நாங்கள் மிதிவண்டியில் ஏறிச் செல்லலாகாது; இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். ஒருநாள் நேரமாகிவிட்டதென்று இறங்காமல் சென்றோம். வண்டியைப் பிடித்துக் கீழே தள்ளினார்கள். புத்தகங்கள் சாக்கடையில் விழுந்தன.

அப்போது நாங்கள் களத்துமேட்டில் ஒரு முதியவரிடம் கம்பு பழகிக்கொண்டிருந்தோம். அவர் கையெழுத்துப் போடத் தெரியாதவர். மூன்று மாதமாகக் காலடி மட்டுமே சொல்லித் தந்திருந்தார். அன்று மாலை நாங்கள் ஐவரும் கம்பை எடுத்துக்கொண்டு புறப்பட்டோம். ஆசான் வழியில் நின்று ஐந்து கம்புகளையும் வாங்கிக்கொண்டார். “இன்னிக்கு அடிச்சிருவீங்க. நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்கு எந்த வழியாய்ப் போவீங்க?” என்று கேட்டார். எங்களிடம் விடை இல்லை. மறுநாள் காலையில் அவர் வேட்டியை மடித்துக் கட்டி, தம் கம்பைத் தோளில் சாய்த்து, எங்களோடு நடந்தார். அந்தத் தெருவில் எங்களை வண்டியில் ஏறச் சொன்னார். தாம் பக்கத்தில் நடந்தார். யாரையும் பார்க்கவில்லை, எதுவும் பேசவில்லை, கம்பைத் தோளிலிருந்து இறக்கவுமில்லை. ஒரு வாரம் இவ்வாறு வந்தார். எட்டாம் நாள் நாங்களே சென்றோம். யாரும் தடுக்கவில்லை.

அந்த ஐவருள் மூவர் பட்டம் பெற்றோம். அன்று நாங்கள் கம்பைச் சுழற்றியிருந்தால் ஐவர் பெயரும் காவல் நிலையப் பதிவேட்டில் ஏறியிருக்கும்; பள்ளிப் பதிவேட்டிலிருந்து நீங்கியிருக்கும். பள்ளிக்குப் போகும் வழியைக் காப்பதற்கே கம்பு என்பதை எழுத்தறியாத அந்த ஆசான் எங்களுக்குக் கற்பித்தார்.

பின்னாளில் அய்யன்காளியின் வரலாற்றைப் படித்தபோது எங்கள் ஆசானே நினைவுக்கு வந்தார். 1956 வரை செங்கோட்டை எந்தத் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்ததோ, அந்தத் திருவிதாங்கூரின் வெங்ஙானூரில் 1863இல் பிறந்தவர் அவர். தாழ்த்தப்பட்டோர் பொதுச் சாலையில் நடப்பதே குற்றமாயிருந்த காலத்தில், 1893இல் அவர் வில்வண்டி வாங்கி அச்சாலையில் ஓட்டிச் சென்றார். தற்காப்புப் பயின்ற இளைஞர் கூட்டம் அவருக்குத் துணை நின்றது. அவரும் எழுதப் படிக்கத் தெரியாதவரே. ஆயினும் 1907இல் சாதுஜன பரிபாலன சங்கத்தை அமைத்து அவர் முன்வைத்த முதன்மையான கோரிக்கை, எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கதவைத் திறந்து விடுங்கள் என்பதே. அதற்காக வயல் வேலையை நிறுத்திப் போராடவும் துணிந்தார். அண்ணல் அம்பேத்கரின் தந்தை ராம்ஜி இராணுவத்தில் பணியாற்றியவர். அங்கே படைப் பள்ளியில் தலைமையாசிரியராகவும் இருந்தவர். படைப் பயிற்சியும் பாடப் புத்தகமும் ஒரே வீட்டில் இருந்தன; அந்த வீட்டிலிருந்துதான் அரசியல் சட்டத்தை வகுத்த அறிவு வந்தது.

இனிப் பெரியவரின் அச்சத்திற்கு வருவோம். சட்டம் என்ன சொல்கிறது? தன் உடலையும் பிறர் உடலையும் காத்துக்கொள்ளும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் இதனைக் கூறுகின்றன. ஆனால் காப்பதற்கு வேண்டிய அளவுக்கு மேல் தீங்கு செய்யலாகாது. காவல் துறையை நாட நேரம் இருக்கும்போது இந்த உரிமை இல்லை. எனவே, ஓங்கிய கையைத் தடுப்பது தற்காப்பு. ஓடுகிறவனைத் துரத்தி அடிப்பது குற்றம். நேற்றைய அடிக்கு இன்று பழி வாங்குவதும் குற்றமே. இந்த வேறுபாட்டை அறியாதவன் கையில் கம்பு கொடுக்கலாகாது.

கம்பைவிட நீளமான காவல் ஒன்றும் நம்மிடம் இருக்கிறது. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அது. இச்சட்டத்தின் கீழ் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்வதற்கு முன் விசாரணை தேவையில்லை என்பதை 2018இல் சேர்க்கப்பட்ட 18ஏ பிரிவு உறுதி செய்தது. புகார் செய்ய 14566 என்ற தேசிய உதவி எண் உண்டு. குழந்தைகளுக்கு 1098 உண்டு. ஆனால் புகாரை நாள், நேரம், இடம், சாட்சி ஆகியவற்றோடு பிழையின்றி எழுதத் தெரிய வேண்டுமே! அதற்குத்தான் தம்பி, இந்தச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாகப் புத்தகம் கொடுத்தது.

ஆகவே இளைஞர்களின் விண்ணப்பத்தை ஏற்குமாறு சங்கத்தை வேண்டுகிறோம், சில நெறிகளோடு. பள்ளிக்கு வராதவனுக்குப் பயிற்சி இல்லை. பெண் பிள்ளைகளுக்கும் சமமாகக் கற்பிக்க வேண்டும். பயிற்சிக் களத்தை விட்டுக் கம்பு வெளியே செல்லலாகாது. கையில் எந்த நிறக் கயிறும் கூடாது. எந்தத் தெருவிலிருந்து எந்தச் சாதிப் பிள்ளை வந்து கேட்டாலும் மறுக்கலாகாது. நமக்கு மறுத்ததை நாம் பிறர்க்கு மறுத்தால் இருபத்தைந்து ஆண்டுகள் வீண். வர்மப் புள்ளிகளைப் புத்தகத்தைப் பார்த்து நண்பன்மேல் சோதிப்பது அறவே கூடாது. வாரத்தில் ஒருநாள் கம்பை வைத்துவிட்டுச் சட்டம் படிக்க வேண்டும். முதியோர்க்குக் காலையில் காலடி வரிசையை மட்டும் மெதுவாகப் பழக்கலாம்; சீனத்து முதியோர் பெறும் பயனை நம் தாய்மார்களும் பெறட்டும்.

திறமை பெற்றவர்க்கு வாய்ப்பும் இருக்கிறது. முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் சிலம்பம் இடம்பெற்றுள்ளது. 2024 ஜனவரியில் தமிழகத்தில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டிலும் சிலம்பம் செய்முறை விளையாட்டாகச் சேர்க்கப்பட்டது. போட்டியில் எதிராளியின் உடலைக் கம்பால் தொட்டாலே புள்ளி. காயப்படுத்துவது வெற்றி ஆகாது.

இறுதியாக ஒன்று. சிலம்பக் களத்தில் ஆட்டம் தொடங்குமுன் இருவரும் நிலத்தைத் தொட்டு வணங்கி, ஒருவருக்கொருவர் வணக்கம் செலுத்துவர். அங்கே ஒருவன் மட்டும் குனிவதில்லை. இருவரும் குனிகின்றனர், இருவரும் நிமிர்கின்றனர். நம் முன்னோர் தனியே குனிந்த காலம் நீண்டது. நம் பிள்ளைகள் சமமாக வணங்கிச் சமமாக நிமிரும் ஒரு களம் இந்தச் சங்கத்தின் வளாகத்தில் அமையட்டும். மாலை ஐந்து மணிக்குக் கம்பு. ஆறரை மணிக்குப் புத்தகம். இரண்டிற்கும் வருகைப் பதிவேடு ஒன்றே.