மொழி தெரிந்தவர் வீட்டுக்கு வரவேண்டும்



மராத்தி தெரியாமல் மும்பை ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் நமக்கு, அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்துச் செய்தி ஒன்று உண்டு. உள்நாட்டுப் போருக்குத் தப்பிய சோமாலியர் அங்கே திரளாகக் குடியேறினர். அங்கே பிறந்த அவர்களது குழந்தைகளில் 2004-ல் நூற்றுக்கு 92 பேர் இரண்டு வயதுக்குள் தட்டம்மைத் தடுப்பூசி போட்டிருந்தனர். 2014-ல் அது 42 ஆயிற்று. தட்டம்மை என்றால் நம் ஊர் மணல்வாரிதான்.

ஊசி போட்டால் ஆட்டிசம் வரும், பிள்ளை பேசாது என்ற புரளியே காரணம். 1998-ல் வேக்ஃபீல்ட் என்ற மருத்துவர் எழுதிய கட்டுரை அதற்கு வித்து. 2010-ல் வெளியிட்ட பத்திரிகையே அதை ரத்து செய்தது. அதன் பிறகும் அவர் அந்தப் பெற்றோரிடம் வந்து பேசினார்!

2017-ல் 75 பேருக்குத் தட்டம்மை கண்டது. பெரும்பாலும் ஊசி போடாத சோமாலியக் குழந்தைகள்.

அந்தத் தாய்மாரை அறியாதவர்கள் என்று ஏச நமக்கு வாய் வராது. 'என் பிள்ளை ஏன் பேசவில்லை?' என்று அழுதவளுக்கு, பக்கத்தில் உட்கார்ந்து யார் பதில் சொன்னார்கள்? பள்ளிவாசல் இமாம்களும் சோமாலி பேசும் சுகாதார ஊழியர்களும் இறங்கிப் பேசிய பிறகே பலர் ஊசிக்கு வந்தனர்.

நம் சாலில் ஆஸ்பத்திரிக்குத் துணை போக இரண்டு பெண்கள் பெயர் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு போதாது. மராத்தி தெரிந்தவர்கள் இன்றே பெயர் கொடுங்கள். நோட்டு மேசைமேல் இருக்கிறது.