வரிசையில் பின்னால் நிற்பவரின் கண்

அமெரிக்காவில் அரசின் உணவு உதவி 1939-இல் நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டர் நகரில் இருநிற வில்லைகளோடு தொடங்கியது. காசு கொடுத்து வாங்கும் ஆரஞ்சு வில்லைக்கு எந்த உணவும் கிடைக்கும். கூடவே இலவசமாக வரும் நீல வில்லைக்கு, உபரி என்று அரசு அறிவித்த விளைபொருள் மட்டும். கல்லாவில் வில்லையை நீட்டியதுமே இவர் யார் என்பது வரிசைக்கே தெரிந்துவிடும். 2004-க்குள் நாடெங்கும் வில்லைக்குப் பதில் அட்டை வந்தது, 2008-இல் திட்டத்தின் பெயர் ஸ்நாப் என்று மாறியது. பின்னால் நிற்பவரின் கண் மட்டும் இன்றும் அந்தக் கூடைக்குள்தான்.

அந்தக் கண்ணுக்கு விதிகள் தெரியாது. சோப்பு, டயப்பர், மது, வைட்டமின் மாத்திரை எதையும் இந்த அட்டையில் வாங்க முடியாது. கடையில் சுடச்சுட வைத்திருக்கும் வறுத்த கோழிக்கும் அனுமதியில்லை. அதே கோழி ஆறி, குளிர்பெட்டிக்குள் போய்விட்டால் உண்டு. சமைக்காத சிங்கி இறாலுக்கும் தடையில்லை. யாரோ ஒருவர் இறால் வாங்கியது ஊரெல்லாம் கதையாகச் சுற்றும். மாதக் கடைசியில் அவர் கூடையில் நூடுல்ஸ் மட்டும் கிடப்பது கதையாவதில்லை. ஒருவருக்கு நாளொன்றுக்குக் கிடைப்பது சராசரியாக 6 டாலர் அளவுதான்.

ஒரு பெரிய மளிகைக் கடைத்தொடரின் விற்பனைக் கணக்கை வைத்து வேளாண்மைத் துறை 2016-இல் ஆய்வொன்றை வெளியிட்டது. உதவி பெறும் வீடுகள் செலவிடும் ஒவ்வொரு டாலரிலும் சுமார் 40 சென்ட் இறைச்சி, காய்கனி, பால், முட்டை, ரொட்டிக்கும், 20 சென்ட் இனிப்புக்கும் நொறுக்குத்தீனிக்கும் சர்க்கரைப் பானங்களுக்கும் போனது. மற்ற வீடுகளிலும் கிட்டத்தட்ட இதே கணக்குதான். குளிர்பானத்தில் மட்டும் சிறு வித்தியாசம்: இங்கே சுமார் 5 சதவீதம், அங்கே 4. இந்த ஒரு சதவீதத்தின் மேல்தான் இவ்வளவு நீதியும் கட்டப்படுகிறது.

  

குளிர்பானத்தைத் தடுக்க நியூயார்க் நகரம் 2010-இல் அனுமதி கேட்டது. மறு ஆண்டே ஒன்றிய அரசு மறுத்தது. 2025-இல் நிலை தலைகீழானது: முதலில் நெப்ராஸ்காவுக்கும், அடுத்தடுத்துப் பிற மாநிலங்களுக்கும் அனுமதி கிடைத்தது. மிட்டாயையும் தடுத்த அயோவா, எது மிட்டாய் என்பதற்குத் தன் விற்பனைவரிச் சட்டத்தின் வரையறையையே எடுத்துக்கொண்டது. அதன்படி மாவு சேர்ந்த பண்டம் மிட்டாய் ஆகாது. வேஃபர் வைத்த சாக்லேட் கல்லாவைத் தாண்டும். பக்கத்திலிருக்கும் வெறும் சாக்லேட் அலமாரிக்குத் திரும்பும்.