பாதி உரிமை கேட்டார்கள், தரவில்லை



"ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ" என்றதும் பலருக்கும் விட்னி ஹூஸ்டனின் குரல்தான் காதில் ஒலிக்கும். ஆங்கிலப் பாட்டுப் பக்கமே போகாதவர்கள்கூட அந்த உச்சஸ்தாயியை எங்காவது கேட்டிருப்பார்கள். அமெரிக்காவில் கல்யாண வரவேற்புகளில்கூட இதைப் போடுகிறார்கள். போடுகிறவர்கள் வரிகளைக் கவனிப்பதில்லை போலும்! இது விடைபெறும் பாட்டு. அதிலும் காதலனிடம் விடைபெறும் பாட்டு அல்ல. வேலையை விட்டுப் போக நினைத்த ஒரு பெண், தன்னை வளர்த்துவிட்டவருக்காக எழுதியது.

அந்தப் பெண் டாலி பார்ட்டன். டென்னசி மலைப்பகுதியில், பன்னிரண்டு பிள்ளைகள் கொண்ட ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். 1967இல் போர்ட்டர் வாகனரின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பாடச் சேர்ந்தார். கல் பதித்த பளபளக்கும் கோட்டு சூட்டில் வரும் வாகனர், கன்ட்ரி எனப்படும் அமெரிக்கக் கிராமிய இசையில் அன்றைய பெரிய நட்சத்திரம். அவருடன் முன்பு பாடிவந்த நார்மா ஜீன் எங்கே என்று ரசிகர்கள் சத்தம் போட, ஆரம்பத்தில் டாலி பட்ட பாடு கொஞ்சமல்ல. பிறகு அதே ரசிகர்களுக்கு அவர் செல்லப்பிள்ளை ஆனார். ஐந்து வருடம் இருப்பதாகச் சொல்லிச் சேர்ந்தவர் ஏழு வருடம் இருந்தார். தனியாகப் போகிறேன் என்று பேச்செடுத்தபோதெல்லாம் சண்டைதான் வந்தது.

வாதாடிப் பயனில்லை என்று கண்டவர், ஒரு பாட்டு எழுதி வாகனர் முன்னால் உட்கார்ந்து பாடினார். பாட்டில் குற்றச்சாட்டு ஒன்றுகூட இல்லை. நன்றி இருக்கிறது, வாழ்த்து இருக்கிறது, புறப்படுகிறேன் என்ற உறுதியும் இருக்கிறது. வாகனர் அழுதுவிட்டார். இந்தப் பாட்டின் பதிவை நான் தயாரிக்கலாம் என்றால் நீ போகலாம் என்றாராம். டாலியே சொன்ன கதை இது. 1973இல் நாஷ்வில்லில் பதிவானது. 1974இல் கன்ட்ரி பட்டியலில் முதலிடம். கதை அங்கேயே சுபமாக முடியவில்லை. 1979இல் வாகனர் டாலி மீது வழக்குப் போட்டார், பிறகு சமரசம் ஆனது. 2007இல் வாகனர் இறந்த நாளில் டாலி அவர் படுக்கையருகே போய் இருந்துவிட்டு வந்தார்.

இந்தப் பாட்டை எல்விஸ் பிரெஸ்லி பாட ஆசைப்பட்டார். எல்விஸ் பாடினால் அதைவிட என்ன வேண்டும்! டாலி ஊரெல்லாம் சொல்லி மகிழ்ந்தார். அப்புறம் எல்விஸின் மேனேஜர் கர்னல் டாம் பார்க்கரிடமிருந்து போன். பாட்டின் வெளியீட்டு உரிமையில் பாதியைத் தந்தால்தான் எல்விஸ் பாடுவார் என்றார் அவர். ஒரு பாட்டை யார் பாடி வெளியிட்டாலும் உரிமைத்தொகை அதன் உரிமையாளருக்குப் போய்ச் சேரும். பாதியைக் கொடுத்தால் அந்த வருமானத்தில் காலமெல்லாம் பாதி போய்விடும். டாலி மறுத்துவிட்டு இரவெல்லாம் அழுதார். அப்போது அவர் இன்னும் முழுதாகத் தனியாகக் காலூன்றியிருக்கவில்லை. என்னைக் கேட்டால், பாட்டை எழுதியதைவிட அந்த மறுப்புக்குத்தான் துணிச்சல் அதிகம் வேண்டும்.

1975இல் லிண்டா ரான்ஸ்டட் இதைப் பாடினார். 1982இல் தான் நடித்த ஒரு படத்துக்காக டாலியே மீண்டும் பாட, அதுவும் கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பிடித்தது.

பிறகு 1992, விட்னி பாடிய "தி பாடிகார்ட்" படம். முதலில் தேர்ந்தெடுத்த வேறொரு பழைய பாட்டை இன்னொரு படம் முந்திக்கொண்டது. கதாநாயகன் கெவின் காஸ்ட்னர், ரான்ஸ்டட்டின் பதிவைக் கொண்டுவந்து கொடுத்தார். அதில் கடைசிச் சரணம் கிடையாது. இசைத் தயாரிப்பாளர் டேவிட் ஃபாஸ்டருக்கு அந்தச் சரணத்தை எடுத்துக் கொடுத்தவர் டாலிதான். வாத்தியம் எதுவும் இல்லாமல் வெறும் குரலில் பாட்டு தொடங்க வேண்டும் என்று காஸ்ட்னர் பிடிவாதம் பிடித்தார். இப்படித் தொடங்கினால் வானொலிகள் ஒலிபரப்புமா என்ற கவலை எழாமல் இல்லை. ஆனாலும் அமெரிக்கப் பாடல் பட்டியலில் 14 வாரம் முதலிடத்தில் இருந்தது.

கூர்ந்து கேட்டால் டாலி பாடியதும் விட்னி பாடியதும் இரண்டு வேறு பாடல்கள். டாலி கிட்டத்தட்டக் காதருகே பேசுவதுபோல் பாடுகிறார். கடைசிச் சரணத்தைப் பாடாமல் வசனமாகவே சொல்கிறார். விட்னியின் பதிவில் சாக்சபோன் ஓய்ந்து, கடைசிச் சரணமும் முடிந்ததும், ஒரு கணம் எல்லாமே நிற்கிறது. ஒற்றை டிரம் அடி. சுருதி மேலேறுகிறது, குரல் வெடித்துக் கிளம்புகிறது. போட்டி மேடைகளில் பிறகு வந்தவர்கள் பெரும்பாலும் அந்த வெடிப்பை மட்டுமே பிடித்துக்கொண்டார்கள். அதற்கு முன்னால் விட்னி எவ்வளவு அடக்கிப் பாடுகிறார் என்பதை விட்டுவிட்டார்கள். குரல் வளத்தில் விட்னிக்கு ஈடு இல்லை. ஆனால் வரிகளின் பொருளுக்கு நெருக்கமாக நிற்பது டாலியின் பதிவுதான் என்பது என் கட்சி.

டாலி விட்னியின் பதிவை முதலில் கேட்டது காரில் போகும்போது, வானொலியில். வண்டியை ஓரங்கட்ட வேண்டியதாயிற்றாம். அந்தப் பதிவால் வந்த வருமானத்தில் நாஷ்வில்லில் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதியில் ஓர் அலுவலகக் கட்டடம் வாங்கினார். விட்னி கட்டிய வீடு என்றே அதைச் சொல்கிறார். 2012இல் விட்னி இறந்தபோது, அவர் உடலைத் தேவாலயத்திலிருந்து எடுத்துச் சென்ற வேளையில் இந்தப் பாட்டுதான் ஒலித்தது.

நேயர்களே, வாய்ப்புக் கிடைத்தால் 1974இல் வெளிவந்த டாலியின் பதிவை முதலில் கேளுங்கள்; மூன்று நிமிடம்தான். அதன்பிறகு விட்னியிடம் போங்கள்.